பக்கத்து வீட்டு வெயில்

ஆஸ்பத்திரிக் கட்டில் பக்கத்தில் நின்றபடியே விஞ்ஞானி செல்போனை ஒரு தட்டு தட்டினார்.

“அத்தை, உங்க ரூமை இங்கிருந்தே சூடாக்கிட்டேன். போய்ப் படுக்க வேண்டியதுதான்.”

விஞ்ஞானி என்றதும் பெரிதாக எதையும் நினைத்துவிட வேண்டாம். மருந்துக் கம்பெனியில் பில் போடுகிறவர். ஒரு பல்பை மாற்றினாலும் வீட்டையே கூட்டி வைத்து விளக்கம் சொல்வார் என்பதால் மனைவி வைத்த பெயர் அது. அந்த மனைவியைக் குடும்பத்தில் சின்னவள் என்பார்கள். ஒரே சுவருக்கு அந்தப்பக்கம் விஞ்ஞானியின் அண்ணன் வீடு. அங்கே அண்ணி, அதாவது பெரியவள்.

சின்னவளின் அம்மா நிமோனியாவிலிருந்து இப்போதுதான் தேறியிருந்தாள். “மறுபடி குளிர் பட்டா நான் பொறுப்பில்லை” என்று சொல்லித்தான் டாக்டர் அனுப்பினார்.

அண்ணனும் தம்பியும் ஒரே கடையில் ஒரே மாதிரி இரண்டு தெர்மோஸ்டாட் வாங்கியிருந்தார்கள். சுவரில் மாட்டுகிற வெள்ளைப் பெட்டி. அறை குளிர்ந்தாலோ, செல்போனில் தட்டினாலோ அது கம்பியில்லாமலே சேதி அனுப்பும். வெந்நீரைக் குழாயில் ஓடவிட்டு வீட்டைச் சூடாக்கும் பாய்லர் பக்கத்தில் இருக்கும் ரிசீவர் அதைக் கேட்டுப் பாய்லரை எரிய வைக்கும். அண்ணன் மெக்கானிக்கைக் கூப்பிட்டார். அவர் ரிசீவரை மாட்டிவிட்டு, சுவரில் பெயிண்ட் காயவில்லை, பெட்டியை நாளைக்கு மாட்டுகிறேன் என்று போய்விட்டார். தம்பி யாரையும் கூப்பிடவில்லை. சூட்டைக் கூட்டவும் குறைக்கவும் நன்றாக வேலை செய்துகொண்டிருந்த பழைய திருகியைப் பிடுங்கிப் போட்டார். சுவரில் விழுந்த ஓட்டையை மறைத்துப் புதுப் பெட்டியைக் கோணலாக மாட்டிவிட்டு, நாலு பக்கத்திலிருந்தும் படம் எடுத்துக்கொண்டார்.

அம்மாவைக் கைத்தாங்கலாக வீட்டுக்குள் கூட்டி வந்தால், வீடு ஐஸ் பெட்டி மாதிரி இருந்தது.

“என்னங்க, இதுவா சூடு?”

“மெதுவாத்தானே ஏறும். பெட்டியில பாரு, தீப் படம் வந்திருக்கு. சேதி போயிடுச்சு.”

“எங்க போச்சு?”

“பாய்லருக்கு.”

சின்னவள் அடுக்களைக்குப் போய்ப் பாய்லரைத் தொட்டாள். சில்லென்று இருந்தது. ரிசீவரில் பச்சை விளக்கு மினுக் மினுக் என்றது.

“இது ஏன் கண்ணடிக்குது?”

“அது யோசிக்குது.”

“நல்லவேளை. இந்த வீட்ல ஒண்ணாவது யோசிக்குதே. கூட வந்த புத்தகத்தைப் படிச்சீங்களா?”

“அதெல்லாம் ஒண்ணும் தெரியாதவங்களுக்கு.”

ஹாலில் அம்மா கோட்டைக்கூடக் கழற்றாமல் இருமினாள்.

கதவைத் தள்ளிக்கொண்டு பெரியவள் வந்தாள். முகமெல்லாம் சிவந்து, வார இதழால் விசிறிக்கொண்டு.

“எங்க வீடு வாணலியாட்டம் காயுது! அந்த மெக்கானிக் என்ன பண்ணித் தொலைச்சானோ, பாய்லர் நிக்கவே மாட்டேங்குது. சன்னலெல்லாம் தெறந்து போட்டிருக்கேன்.” சுற்றுமுற்றும் பார்த்தாள். “என்ன தம்பி, இங்க இப்படிச் சில்லுன்னு இருக்கு? மீன் கடை வைக்கப் போறீங்களா?”

சின்னவள் பெரியவளின் வியர்வையைப் பார்த்தாள். சுவரைப் பார்த்தாள். அந்தப்பக்கம் பாய்லர் உர்ரென்று ஓடிக்கொண்டிருந்தது.

“அந்தப் பெட்டியை அணைங்க.”

அணைத்தார். உறுமல் நின்றது.

“போடுங்க.”

போட்டார். உறுமல் கிளம்பியது. பெரியவளின் விசிறி பாதியில் நின்றது.

தன் ரிசீவரைப் பெட்டியோடு இணைக்க அமுக்க வேண்டிய பட்டனை விஞ்ஞானி அமுக்கவே இல்லை. அந்தப்பக்கத்து ரிசீவரோ பெட்டி வரும் வரும் என்று காதைத் தீட்டிக்கொண்டு காத்திருந்தது. முதலில் குரல் கொடுத்த பெட்டியைத் தன்னுடையது என்று பிடித்துக்கொண்டது. இந்த வீடு சூடாகவில்லை என்று பெட்டி கத்தக் கத்த, அந்த வீடு வெந்துகொண்டிருந்தது.

“தற்செயல்,” என்றார் விஞ்ஞானி.

சின்னவள் அம்மாவின் தோளைப் பிடித்து எழுப்பினாள்.

“எங்க வீட்டுக்கா?” என்றாள் பெரியவள். துணி காயப்போடுகிற கொடிக்காக இருவரும் சண்டை போட்டு, பேச்சு இப்போதுதான் ஒட்டியிருந்தது.

“வீடு உங்களுது அக்கா. சூடு எங்களுது.”

பெரியவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. முன்னால் போய்த் தன் வீட்டுச் சன்னல்களைச் சாத்தினாள். சோபாவில் படுத்த அம்மாவுக்கு இருமல் அடங்கியது. கன்னத்தில் நிறம் வந்தது. கொஞ்ச நேரத்தில் கண் அசந்துவிட்டாள். பெரியவள் விசிறிக்கொண்டே முணுமுணுத்தாலும் எந்தச் சன்னலையும் திறக்கவில்லை.

போன் அடித்தது.

“புத்தகத்தைப் படிச்சேன்,” என்றார் விஞ்ஞானி. “ஒரே ஒரு பட்டன்தான். மாத்திடட்டுமா?”

“தொட்டுடாதீங்க. மாத்துறேன்னு இதையும் கெடுப்பீங்க. நாளைக்கு மெக்கானிக் வந்து ரெண்டையும் பாக்கட்டும்.”

“இங்க பல்லு தந்தியடிக்குது. அந்தக் குட்டி கரண்ட் ஹீட்டரையாவது போட்டுக்கறேன்.”

“போடவே கூடாது. அந்த ஹால் சூடானா பெட்டி பாய்லரை நிறுத்திடும். இங்க அம்மாவுக்குக் குளிரும்.”

“அப்போ நானும் அங்க வந்துடறேன்.”

“வந்துட்டா? பெட்டியில பேட்டரி தீந்துபோச்சுன்னா யாரு பாக்கறது?”



“அப்போ நான் என்னதான் பண்றது?”

“குளிர்ல உக்காருங்க. இன்னிக்கு உங்களால ஆகிற ஒரே உபகாரம் அதுதான்.” அம்மாவின் போர்வையைக் கழுத்துவரை இழுத்துவிட்டாள். “முடிஞ்சா அந்தச் சன்னலையும் கொஞ்சம் தெறந்து வைங்க.”