முகத்துக்கு வந்த ஊசி

அழகு க்ரீம் விற்கிற கடையில் சுருக்கம் விழுந்த முகம் நிற்கக் கூடாது என்பது முதலாளியின் கட்சி. "கடைச் செலவுல முகத்துக்கு ஊசி போட்டுக்கங்கக்கா. இல்லைன்னா நாளையிலேருந்து குடோன்ல பெட்டி கட்டுங்க" என்றார். பதினெட்டு வருஷமாகக் கவுண்டரில் நிற்கிறவளுக்கு வலி முகத்தில் இல்லை, முழங்காலில். கடையில் இருந்த ஒரே நாற்காலி முதலாளியுடையது.

கிளினிக்கில், "அந்த ஊசியில என்னதான் இருக்கு?" என்று டாக்டரைக் கேட்டாள்.

"ஹயலுரானிக் அமிலம். நம்ம உடம்புலயே ஊறுற வழவழப்புதான். தோல்ல ஈரத்தைப் பிடிச்சு வைக்கும், மூட்டு உரசாம பாத்துக்கும். வயசானா குறையும்."

"அப்ப மூட்டுக்கும் ஊசி உண்டா?"

"உண்டு, அது வேற பதம். எல்லாருக்கும் கேக்கும்னு சொல்ல முடியாது. மாடியில எலும்பு டாக்டர் இருக்கார், பாருங்க."

மறுநாள் முதலாளி அவள் முகத்தை உற்றுப் பார்த்தார். "ஒரு சுருக்கம்கூடப் போகலையே?"

"முழங்கால்ல போட்டுக்கிட்டேன் மொதலாளி. அதே சரக்குதான். ரெண்டு நாள் ரொம்ப நிக்கக் கூடாதாம்."

அவருடைய நாற்காலியைக் கவுண்டருக்கு இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள். அவர் குடோன் பேச்சை எடுப்பதற்குள், வழக்கமாக வரும் ஓர் அம்மா நேரே அவளிடம் வந்து, "நம்ம வயசுக்கு எது சரிப்படும்?" என்று கேட்டார்.

அன்று முதலாளி நின்றுகொண்டே பில் போட்டார்.