மங்கம்மாளின் இடது கை

முடிச்சூர் குடியிருப்பில் நவராத்திரி நாடகம் என்றால் லோகநாயகிக்கு முதல் வரிசைதான். சங்கத்தின் செயலாளர் ஆயிற்றே! இந்த வருஷம் கடைசி வரிசையில் போய் ஒடுங்கிக்கொண்டாள். மேடையில் ராணி மங்கம்மாளாக வரப்போவது அவள் மகள் நித்யஸ்ரீ.

மங்கம்மாள் கதை தெரிந்ததுதான். கணவன் போன பிறகு மதுரையை ஆண்டவள். சாலை போட்டாள், சத்திரம் கட்டினாள். ஊர் பேசியதென்னவோ அவளை மந்திரியோடு சேர்த்துத்தான். ஏதோ நினைவில் வெற்றிலையை இடது கையால் வாங்கிவிட்டாளாம். அந்தப் பாவம் தீரத்தான் தர்மமெல்லாம் செய்தாளாம். ஒருத்தி நல்லது செய்தால், அதற்கும் ஒரு பாவத்தைக் கண்டுபிடித்தால்தான் நம் ஜனங்களுக்குத் தூக்கம் வரும்!

லோகநாயகியும் கணவனை இழந்தவள். மழைத்தண்ணீர் வீட்டுக்குள் புகாமலிருக்க வடிகால் கேட்டு, எதிர் பிளாட் இன்ஜினியர் ஏகநாதனோடு ஆபீஸ் ஆபீஸாக அலைந்தாள். வடிகால் வந்தது, கூடவே நாக்கில் நரம்பில்லாத பேச்சும் வந்தது. அவள் லிஃப்டில் நுழைந்தால் மற்றவர்கள் வாயை மூடிக்கொள்வார்கள். அதெல்லாம் போகட்டும். மகளும் நம்பிவிட்டாளோ என்பதுதான் அவள் நெஞ்சை அரித்தது. கேட்கவும் வாய் வரவில்லை.

மந்திரியாக நடித்த கிரீஷ் வெற்றிலைத் தட்டை நீட்டினான். நித்யஸ்ரீ இடது கையால் எடுத்தாள். யாரோ களுக்கென்று சிரித்தார்கள். லோகநாயகி தலையைக் குனிந்துகொண்டாள். அடுத்தது, 'ஐயோ, பாவம் செய்தேனே' என்று ராணி அழ வேண்டிய இடம்.

நித்யஸ்ரீ அழவில்லை. வலது கையிலிருந்த காகிதச் சுருளைத் தூக்கிக் காட்டினாள். "சாலை வரைபடம் இந்தக் கையில் இருக்கிறது, மந்திரியாரே. வேலையாக இருக்கும் கையை விட்டு மற்ற கையால் வாங்கினேன். இதில் என்ன பாவம்?"

நாடகம் எழுதிய தோத்தாத்ரி மாமா ஓரத்திலிருந்து, "அம்மாடி, டயலாக் அது இல்ல!" என்று பதறினார். அவள் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை.

திரை விழுந்ததும் லோகநாயகி பின்பக்கம் ஓடினாள். மகள் அட்டைக் கிரீடத்தைக் கழற்றிக்கொண்டிருந்தாள்.

"ஏன்டி இப்படிப் பண்ண? மாமா எவ்ளோ கஷ்டப்பட்டு எழுதினாரு…" அதற்கு மேல் திட்ட வரவில்லை.

"ரிகர்சல்ல அந்த சீன் வர்றப்பல்லாம் உன் ஞாபகம்தாம்மா. காலைல வலது கையில போனை வச்சுக்கிட்டு வடிகாலுக்காக யார்கிட்டயாவது கத்திக்கிட்டிருப்ப. டிபன் பாக்ஸை இடது கையாலதான் நீட்டுவ. நான் ஒரு நாளாவது வேணாம்னு சொன்னேனா?"

லோகநாயகி அவளைக் கட்டிக்கொண்டு, யார் பார்க்கிறார்கள் என்றுகூடப் பாராமல், வாய்விட்டு அழுதாள்.