ஏழாம் நம்பர்

காளீஸ்வரனைப் போல ஒரு கேடுகெட்ட பயலை நான் பார்த்ததில்லை. பந்தல்குடியில் எங்கள் தெருக்காரன்தான். அருப்புக்கோட்டை பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் பிரவுசிங் சென்டர் வைத்திருக்கிறான். வாய்க்கு வாய் அக்கா என்பான்.

எங்கள் குட்டியானை வண்டியை ஃபைனான்ஸ்காரன் தூக்கிக்கொண்டு போய் இரண்டு மாதம் ஆகியிருந்தது. மூன்று தவணை நின்றுபோச்சு, அவ்வளவுதான். சொந்த வண்டியில் லோடு அடித்த மனுஷன், என் வீட்டுக்காரர் சந்தனம், காரியாபட்டியில் எவனோ ஒருத்தன் வண்டிக்கு ஆக்டிங் டிரைவராகப் போனார். தட்டில் சோறு வைத்தால் பாதியிலேயே கையைக் கழுவிவிடுவார். அந்த வண்டியை ஆன்லைனில் ஏலம் விடுகிறார்கள் என்று காளீஸ்வரன்தான் வந்து சொன்னான். எப்பாடு பட்டாவது அதை மீட்டு அவர் கண்முன்னால் நிறுத்திவிட வேண்டும் என்று எனக்கு வெறி பிடித்துவிட்டது.

“முன்னாடியே வெல கேட்டா மத்தவனுக்கும் ஆச வந்துரும்க்கா. கம்முனு இருக்கணும். முடிய மூணு செகண்டு இருக்கைல டபக்குனு கேக்கணும். மனுசக் கை அம்புட்டு வேகமாப் போகாது. நம்மகிட்ட ஒரு டூலு இருக்கு. எவன் ஏத்துனாலும் அது தானாவே ஆயிரம் கூட்டிப் போடும். ஒங்க உச்ச வெலைய மட்டும் சொல்லுங்க.”

“ஒரு லட்சத்து நாப்பது. வீட்ல அவுகளுக்குத் தெரிய வேணாம்ப்பா” என்றேன்.

“நான் எதுக்குக்கா சொல்லப்போறேன்” என்று சிரித்தான். முடிகிற விலையில் நூற்றுக்கு இரண்டு அவனுக்குக் கமிஷன்.

ஏலம் மூன்று மணிக்கு முடிவு. காளீஸ்வரன் சென்டரில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். கம்ப்யூட்டரில் யார் பெயரும் தெரியாது, நம்பர்தான். நான் நாலாம் நம்பர். ஆரம்ப விலை எண்பதாயிரம். ஈ காக்கா கேட்கவில்லை. பத்து செகண்டு, ஒன்பது என்று நேரம் இறங்கியது. மூன்று வந்ததும் பேய் பிடித்த மாதிரி விலை ஏற ஆரம்பித்தது. நாலு, ஏழு, நாலு, ஏழு. ஒரு லட்சத்து முப்பத்தாறாயிரத்தில் போய் நின்றது. வண்டி நாலாம் நம்பருக்கு.

“செயிச்சுட்டோம்க்கா! டூலு மட்டும் இல்லேன்னா அந்த ஏழாம் நம்பரு கொத்திட்டுப் போயிருப்பான்.”

“அவன் கையில புத்து வைக்க! எம்பதுக்கு முடிய வேண்டியத எங்க கொண்டு போயி விட்டான் பாரு, வெளங்காத பய” என்று வாயாரத் திட்டினேன்.

கதவைத் தள்ளிக்கொண்டு சந்தனம் வந்தார்.

“ஏலே காளீஸ்வரா! டூலு டூலுன்னு அளந்தயே, எவனோ நாலாம் நம்பரு கடைசி செகண்டுல அடிச்சுட்டுப் போயிட்டான்லே!”

எதிர் டீக்கடையில் உட்கார்ந்து போனில் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார். அப்புறம்தான் என்னைப் பார்த்தார். அவர் கையிலிருந்த போனை எட்டிப் பார்த்தேன். ஏழாம் நம்பர்.

“ரெண்டு பேருக்கும் நீதான டூலு போட்டுக் குடுத்த?” என்று காளீஸ்வரனைக் கேட்டேன்.

“ஆமாக்கா. யாருட்டயும் சொல்லாதன்னு அண்ணனும் சொன்னாக, நீங்களும் சொன்னீக. கஸ்டமரு ரகசியத்த நான் எப்பிடி வெளிய விடுறது?” முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. கையில் கமிஷன் ரசீதை எடுத்து வைத்திருந்தான்.

“சீ! நீ சோத்தத்தான் திங்கிறயா?” என்றேன். சந்தனம் அவன் சட்டையைப் பிடித்துவிட்டார்.

“அவன விடுங்க. ஒங்களுக்கு ஏது இம்புட்டுப் பணம்?”

சட்டையை விட்டார். “ரெண்டாவது வண்டி எடுக்கலாம்னு சேத்து வச்சிருந்தேன். ஒனக்கு?”

“சீட்டுப் பணம். தையிலயே எடுத்துட்டேன்.” மகள் தேவிபிரியா நர்சிங் படிப்புக்கு என்று பதுக்கியது. இவர் கண்ணில் பட்டால் தன் தம்பிக்குத் தூக்கிக் கொடுத்துவிடுவார்.

வண்டி போனது சித்திரையில்.

வண்டியைத் தூக்க வந்த அன்றைக்கு, தவணை முப்பத்து மூவாயிரத்தைக் கட்டினால் விட்டுவிடுகிறேன் என்று ஃபைனான்ஸ்காரன் அரை நாள் வாசலில் நின்றான். பத்துப் பைசா கிடையாது சார் என்று நான் தலையில் அடித்துக்கொண்டு அழுதேன். சந்தனம் என் கையைப் பிடித்து, “விடு புள்ள, இருந்தாக் குடுத்துற மாட்டமா” என்றார்.