ஆறு கட்டம் முந்தி

அண்ணன் வாசலில் நின்றபடியே பிளாஸ்டிக் உறையை நீட்டினான்.

"இதை வாத்தியக் குழுவுல கொடுத்துடு. நான் இனிமே வாசிக்கல."

உறைக்குள் இருந்தவை தங்கை அச்செடுத்துக் கொடுத்த இசைத்தாள்கள்தான். ஊர் வாத்தியக் குழுவில் பெரிய டிரம் அவனுடையது. பகலில் லிஃப்ட் மெக்கானிக், சனிக்கிழமை மாலையில் டிரம்காரன். படி ஏறினால் எண்ணுவான், பட்டாணி உரித்தால் எண்ணுவான். வீட்டில் அவனுக்குக் கணக்குப்பிள்ளை என்றே பெயர். டிரம் வாசிப்பவனுக்கு எண்ணுவதுதான் பாதி வேலை. வயலினும் புல்லாங்குழலும் ஓயாமல் வாசித்துக்கொண்டிருக்கும்போது அவன் குச்சியும் கையுமாக நின்று, தாளில் கோடு போட்டுப் பிரித்த கட்டங்களை ஒவ்வொன்றாக எண்ண வேண்டும். எண்ணி முடித்ததும் ஒரே ஒரு அடி. அந்த அடி இடம் மாறி விழுந்தால் மொத்தக் கச்சேரியும் கோவிந்தாதான்.

"மூணு வாரமா தப்பா அடிக்கிறேன்" என்றான்.

"தப்பு பண்ணாதவங்க யாரு? அந்த ஹார்ன்காரர் எண்ணுறதே இல்ல. பக்கத்து ஆள் முழங்கையால இடிச்சாத்தான் ஊதுறார்."

"அவர் எண்ணாம தப்பு பண்றார். நான் எண்ணித் தப்பு பண்றேன்." உள்ளே வந்து, மேஜையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தான். "அம்மாவுக்கும் இப்படித்தான ஆரம்பிச்சுது."

கடைசிக் காலத்தில் அம்மாவுக்கு எல்லாமே மறந்து போனது. முதலில் போனது எண்ணிக்கைதான். மூன்று பேர் சாப்பிடும் மேஜையில் ஏழு தட்டு வைத்துவிட்டு, மீதிப் பேர் ஏன் இன்னும் வரவில்லை என்று வாசலையே பார்த்துக்கொண்டிருப்பாள்.

"திங்கக்கிழமை டாக்டர்கிட்ட நேரம் வாங்கியிருக்கேன். நீயும் வா. ரெண்டு பேராக் கேட்டாத்தான் அவர் சொல்றது மனசுல நிக்கும்" என்றான்.

"குழுவை நடத்துற அம்மா ஏதாவது சொன்னாங்களா?"

குழுவை நடத்தும் அம்மாள் ஒரு பல் டாக்டர். தப்பாக வாசித்தவரை வறுத்தெடுத்துவிடுவார்.

"திட்டியிருந்தாப் பரவாயில்ல. ஒண்ணும் சொல்லாம என் பக்கம் திரும்பி மெதுவாத் தலையை ஆட்டுறாங்க. பல்லைப் பிடுங்குறதுக்கு முன்னாடி ஆட்டுவாங்களே, அப்படி."

அவள் தேநீர் போட்டு வைத்தாள். அவன் தொடவில்லை. அவள் தாள்களை உறையிலிருந்து எடுத்துப் புரட்டினாள்.

அந்தத் தாள்களோடு அவள் பட்ட பாடு கொஞ்சநஞ்சமல்ல. அவளுக்கு அச்சகத்தில் வேலை. குழுவுக்குப் புதிதாகக் கிடைத்த இசை, மங்கிப்போன பழைய கையெழுத்துப் பிரதியாக இருந்தது. பாதிப் பேருக்கு அந்த எழுத்து கண்ணில் ஏறவில்லை. பெரிய எழுத்தில் அச்சடித்துத் தரச் சொல்லி அவள் தலையில் கட்டிவிட்டார்கள். ஒவ்வொரு வாத்தியத்தின் தாளையும் ஸ்கேன் செய்து, இசைக்குறிப்பு எழுதும் மென்பொருளில் ஏற்றினால், அது தன் இஷ்டத்துக்குப் படித்து வைத்திருந்தது. காபிக் கறையை ஒரு ஸ்வரம் என்று நினைத்து நடுவில் நுழைத்திருந்தது. மூன்று மூன்றாகச் சேர்த்து வேகமாக வாசிக்க வேண்டியதைப் பிரித்துப் போட்டு, ஒரு கட்டத்துக்குள் ஒன்றரைக் கட்டத்துச் சரக்கைத் திணித்திருந்தது. ஒரு நல்ல காரியம், அப்படிப் பிதுங்கும் கட்டங்களை அதுவே சிவப்பாகக் காட்டிவிடும். அவள் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு வாரக்கணக்கில் அந்தச் சிவப்பையெல்லாம் துடைத்தாள்.

டிரம் தாளைக் கடைசியாக எடுத்தாள். அதில் ஒரு சிவப்புக்கூட இல்லை. நீண்ட மௌனங்கள், எத்தனை கட்டம் சும்மா நிற்க வேண்டும் என்று தலைக்கு மேல் ஒரு எண், அப்புறம் ஒரு அடி, அவ்வளவுதான். ஆற வைத்த டீ ஆறுவதற்குள் முடித்துவிட்டு, இப்படியே எல்லாரும் டிரம் வாசித்தால் எவ்வளவு நன்றாக இருக்கும் என்று நினைத்தாள்.

இப்போது அதே தாளில் அண்ணன் பென்சிலால் அங்கங்கே வட்டம் போட்டிருந்தான்.

"இது என்ன?"

"தப்பு பண்ணின இடம். இங்க ஆறு கட்டம் முந்தி அடிச்சுட்டேன். அப்புறம் வயலினைக் கேட்டு இடத்தைப் பிடிச்சேன்."

"இது?"

"அதுவும் ஆறு."

"கீழ இருக்கிறது?"

அவன் கொஞ்சம் யோசித்தான். "ஆறுதான்."

அவள் தாளைக் கீழே வைத்தாள். "அண்ணா, அம்மா ஒருநாள் ஏழு தட்டு வைப்பாங்க. மறுநாள் ரெண்டே ரெண்டு. ஒரே மாதிரி என்னிக்காவது தப்பு பண்ணியிருக்காங்களா?"

"இல்ல."

"மறதி இவ்வளவு ஒழுங்கா வருமா?"

பதிலுக்குக் காத்திராமல் உள்ளறைக்குப் போய், பழைய கையெழுத்துப் பிரதிகள் இருந்த அட்டைப்பெட்டியை இழுத்து வந்தாள். டிரம் தாளைத் தேடி எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தாள். அவள் அச்சடித்ததில் 11 என்று இருந்தது. பழைய தாளில் முதல் கோடு நேராக நின்றது. இரண்டாவது கோட்டுக்கு உச்சியில் சின்னதாக ஒரு மூக்கு. எழுதிய புண்ணியவான் ஏழுக்கு மை செலவழிக்க மனமில்லாதவர். அது 17, பதினேழு. அடுத்த வட்டத்தில் இருபத்தொன்று, உண்மையில் இருபத்தேழு. மூன்றாவதும் அதே கதைதான்.

மென்பொருள் ஏன் வாயைத் திறக்கவில்லை என்று இப்போது புரிந்தது. ஸ்வரம் கூடிப்போனால் கத்தும். சும்மா நிற்கும் கட்டம் பதினொன்றா பதினேழா என்று அதற்கு என்ன கவலை? கவலைப்பட வேண்டியவள் டீ ஆறுவதற்குள் முடித்தவள்.

"தப்பு என்னோடது" என்றாள். சொல்லும்போதே சிரிப்பு வந்தது, கண்ணும் நிறைந்தது. "முழுக்க முழுக்க என்னோடது. நீ தாள்ல இருக்கிறதை அப்படியே எண்ணியிருக்கே."

அவன் நம்பவில்லை. "என்னைத் தேத்தறதுக்காகச் சொல்றியா?"

"உன் மேல அவ்வளவு பாசமெல்லாம் எனக்குக் கிடையாது. நீயே பாரு."

இரண்டு தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வெகுநேரம் பார்த்தான். முகம் தெளியும் என்று அவள் நினைத்தாள். மாறாகக் கோபம்தான் வந்தது. "மூணு வாரமா நான் தூங்கல" என்றான். அது அவளுக்கு வேண்டியதுதான்.

அப்போதே பழைய பிரதிகளை வைத்துக்கொண்டு, கணினியில் எல்லாருடைய தாளிலும் ஏழுகளைத் தேடித் திருத்தினாள். ஹார்ன் தாளிலும் அதே தப்பு இருந்தது. எண்ணாத மனிதருக்கு அது உறைக்கவே இல்லை.

"நடத்துற அம்மாகிட்ட போன்ல சொல்லிடறேன்" என்றாள்.

"சொல்லாதே. தாள் தப்புன்னு ஆயிடுச்சு. நான் சரின்னு இன்னும் ஆகல. சொன்னா அவங்க கைகாட்டி என்னை அடிக்க வெச்சுடுவாங்க. முதல்ல நான் எண்ணிப் பார்க்கிறேன்."

சனிக்கிழமை ஒத்திகை, பள்ளிக்கூடத்து ஹாலில். அவள் கடைசி வரிசையில் அடுக்கி வைத்த நாற்காலிகளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, முழங்காலில் விரலைத் தட்டி எண்ண ஆரம்பித்தாள். அண்ணன் குச்சியோடு நின்றான். உதடு மட்டும் அசைந்தது. பதினொன்று வந்தது. பல் டாக்டர் வழக்கம்போல அவன் பக்கம் திரும்பி, தலையாட்டத் தயாராக இருந்தார். அவன் அடிக்கவில்லை. டாக்டர் ஒரு கணம் பார்த்துவிட்டு வயலின்கள் பக்கம் போய்விட்டார்.

அந்த நேரம் பார்த்துப் புல்லாங்குழல் ஒரு இழைப்பு இழைத்தது. அதில் மயங்கி அவளுக்கு எண்ணிக்கை கை நழுவிப் போனது. இனி எத்தனை மீதி என்று தெரியாமல் அண்ணனின் உதட்டையே பார்த்தாள்.

டிரம் விழுந்தது. வயலின்கள் உச்சிக்கு ஏறி நின்ற அதே இடத்தில், அவற்றுக்கு அடியில் தரை போட்டது மாதிரி விழுந்தது. பல் டாக்டர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. இரண்டாவது அடிக்கும் பார்க்கவில்லை, மூன்றாவதற்கும் பார்க்கவில்லை.

ஒத்திகை முடிந்ததும் அண்ணன் வியர்வையில் நனைந்த சட்டையோடு அவளிடம் வந்தான்.

"நீயும் எண்ணினியா?"

"பன்னெண்டு வரைக்கும்."

"அப்ப திங்கக்கிழமை டாக்டர் நேரத்தை உன் பேருக்கு மாத்திடலாமா?"

அவன் கேலி பேசி மூன்று வாரம் ஆகியிருந்தது. அவள் அவன் தோளில் ஒரு குத்து விட்டுவிட்டு, தன் தப்பைப் பல் டாக்டரிடம் சொல்ல, நல்ல சேதி கொண்டு போகிறவள் மாதிரி எழுந்து ஓடினாள்.