ஷூயிங் வரைந்த நேர்கோடு

மூன்றாவது முறையாக ஷூயிங், கோடு நேராக வர ஒட்டியிருந்த டேப்பை உரித்துப் போட்டாள். ஓவியக் கித்தானில் மேலிருந்து கீழே இறங்கிய சாம்பல் கோடு நடுவில் லேசாக வயிற்றைத் தள்ளிக்கொண்டு நின்றது. செங்டு நகரில் மூடிக்கிடந்த நூற்பாலையின் இந்தக் கூடத்தில் அவள் இத்தனை வருடமாக வரைந்ததெல்லாம் கோடுகளும் கட்டங்களும்தான். மற்ற சீன ஓவியர்களைப் போல மலையில்லை, மூங்கிலில்லை. கை ஒருநாளும் இப்படி ஏமாற்றியதில்லை.

நூடுல்ஸ் கொண்டுவந்த கணவன் லியாங்பின் எஃகு அளவுகோலைக் கோட்டின்மேல் வைத்துப் பார்த்தான்.

"நேராத்தானே இருக்கு."

"வளைஞ்சிருக்கு. உனக்குக் கண்ணு அவிஞ்சு போச்சா?"

"நாள்பூரா ரோட்டுக் கோட்டப் பாத்து பஸ் ஓட்டுறவன்கிட்ட கேக்குற கேள்வியா இது?"

அவள் இடது கண்ணைப் பொத்தினாள். கோடு இன்னும் வளைந்தது. வலது கண்ணைப் பொத்தினாள். நேராக நின்றது. நூடுல்ஸைத் தொடாமல் அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

மறுநாள் கண் மருத்துவர் ஓர் அட்டையை நீட்டினார். வெள்ளையில் கறுப்புக் கட்டங்கள், நடுவில் ஒரு புள்ளி. ஷூயிங்குக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"இந்த மாதிரி நெறைய வரைஞ்சு வித்திருக்கேன் டாக்டர்."

"அதான் சீக்கிரமே கண்டுபிடிச்சிருக்கீங்க."

வலது கண்ணின் விழித்திரையில் நீர் கசிகிறது, அதனால்தான் கோடு வளைந்து தெரிகிறது. ஊசி போட்டால் மேலும் கெடாமல் தடுக்கலாம், வளைந்தது நிமிருமா என்று சொல்வதற்கில்லை என்றார்.

திரும்பும் வழியில் லியாங்பின், "லீவு போட்டுட்டு நானே வந்து ஸ்கேல் புடிக்கிறேன். நீ டேப்ப ஒட்டு" என்றான்.

"நீ சரின்னா சரியா?"

"என் சமையல நம்பிச் சாப்பிடலையா?"

சிரித்துக்கொண்டே ஜன்னல் பக்கம் திரும்பினாள். அப்புறம் வெகுநேரம் இந்தப் பக்கம் திரும்பவில்லை.

ஊசி போட்டுச் சில வாரம் கழித்து, ஷாங்காய் கண்காட்சிக்கான பெரிய கித்தான் முன்னால் நின்றாள். அவன் அளவுகோலோடு தயாராக இருந்தான். அவள் அதை வாங்கி ஓரமாக வைத்தாள். டேப்பையும் எடுக்கவில்லை. நல்ல கண்ணை மூடிக்கொண்டு தூரிகையை நீலத்தில் தோய்த்து மேலே வைத்தாள். கை மெல்ல இறங்கியது.

"ஏய், அங்க வளையு..." என்று ஆரம்பித்தவன் உதட்டைக் கடித்துக்கொண்டான்.

"எனக்கு இது நேரா இருக்கு" என்றாள், திரும்பாமலே.

அவன் பக்கத்தில் வந்து, அவள் தோளோடு தோள் உரச நின்று, தன் இடது கண்ணைப் பொத்திக்கொண்டு பார்த்தான். கோட்டின் அடியில் ஈர நீலம் ஒரு சொட்டாகத் திரண்டு, விழாமல் தொங்கிக்கொண்டிருந்தது.