பிச்சையம்மாள் மறைந்த மூன்று சனிக்கிழமைகள்

கரங்கான் பக்கத்துத் தோட்டத்தில் செம்பனை உதிரிப் பழம் பொறுக்கும் பிச்சையம்மாளுக்கு, மகள் லோகேஸ்வரியின் கல்யாணக் கவுன் எடுத்த சனிக்கிழமை காலை பதினொன்றே காலுக்கு, முழங்காலுக்குக் கீழே இரண்டு கால்களும் மறைந்துபோயின. சுங்கைப்பட்டாணியில் ஒரு சீன அம்மா நடத்தும் கல்யாண உடைக் கடையில் அது நடந்தது. வலி இல்லை, ரத்தம் இல்லை. சேலைக் கரைக்குக் கீழே ரப்பர் செருப்பு இரண்டு மட்டும் நின்றன. கடைக்கார அம்மா குனிந்து பார்த்துவிட்டு, தரை வழுக்கும், பார்த்து நடங்கள் என்று மலாயில் சொன்னாள். பிச்சையம்மாள் நடந்து பார்த்தாள். செருப்புகள் நடந்தன.

புருஷன் லோரி மோதிச் செத்தபோது லோகேஸ்வரிக்கு ஒன்பது வயது. அன்றிலிருந்து பால்மரம் வெட்டி ரப்பர் பால் எடுத்தும், மரங்களைச் சாய்த்துச் செம்பனை நட்ட பிறகு பழம் பொறுக்கியும் மகளைக் கணக்குப் படிப்பு வரைக்கும் கொண்டுவந்தாள் பிச்சையம்மாள். கூலிம் தொழிற்சாலை அலுவலகத்தில் வேலைக்குப் போன இடத்தில் எஞ்சினியர் யோகேந்திரன் அவளை விரும்பினான். அவன் வீடு யாழ்ப்பாணத்திலிருந்து வந்த கிறிஸ்தவக் குடும்பம், மூன்று தலைமுறை அரசாங்க உத்தியோகம். அவன் தாயார் ஜெயந்தினி, ஓய்வுபெற்ற தலைமையாசிரியை, கல்யாணத்துக்குத் தடை சொல்லவில்லை. சர்ச்சில் நடக்கவேண்டும், உடையும் நகையும் தான் பார்த்து எடுக்கவேண்டும் என்று மட்டும் சொன்னார். பெண்ணைப் பெற்றவள் கூட இல்லாவிட்டால் நன்றாக இருக்காது என்று யோகேந்திரன் சொன்னதால் பிச்சையம்மாளையும் அழைத்தார்கள். அன்று நான்கு கவுன்கள் தொங்கின. முழுக்கை வைத்த ஒன்றைத் தொட்டுப் பார்த்து, இது பிள்ளைக்கு அழகா இருக்கும் என்றாள் பிச்சையம்மாள். யாரும் திரும்பவில்லை. ஜெயந்தினி வேறொன்றைக் காட்டினார், லோகேஸ்வரி தலையாட்டினாள். அந்தத் தலையாட்டலில்தான் கால்கள் போயின.

அடுத்த சனிக்கிழமை நகைக்கடை. பிச்சையம்மாள் ஒரு சின்னப் பெட்டியோடு வந்திருந்தாள். அதில் சிவப்புக் கல் அட்டிகை ஒன்று. மகள் பெரியவளான வருஷம் செய்து வைத்தது, அன்றுவரை யார் கழுத்திலும் ஏறாதது. ஜெயந்தினி அதைக் கையில் வாங்கி, மரியாதையாகவே பார்த்தார்.

"இந்தக் கவுனுக்கு முத்துதான் எடுப்பா இருக்கும். இது அம்மாவிடமே இருக்கட்டும்" என்றார்.

"ஆன்ட்டி சொல்றது சரிதான்மா. இது தோட்டத்துக் கல்யாணம் மாதிரி இருக்கும்" என்றாள் லோகேஸ்வரி.

முத்து மாலையின் கொக்கியை மாட்டிய நேரத்தில் பிச்சையம்மாளுக்குக் கழுத்து வரைக்கும் மறைந்தது. கைகளும் போய்விட்டதால் அட்டிகைப் பெட்டி சற்று நேரம் காற்றில் நின்றது. பிறகு மெல்லப் பைக்குள் இறங்கியது. அந்த வாரம் தோட்டத்தில் வேலையை மேற்பார்க்கும் மண்டோர் அவளுடைய தொளதொளத்த சட்டையையும் கைலியையும் பார்த்து வரவு போட்டார். சாக்கு நிறைகிறதா என்பதுதான் அவருக்குக் கவலை. சாக்கு நிறைந்தது.

மூன்றாவது சனிக்கிழமை முகத்திரை, மறுபடியும் அந்தச் சீன அம்மாவின் கடையில். தோள் வரைக்கும் விழும் குட்டைத் திரை ஒன்று, தரையில் இழுபடும் நீளத் திரை ஒன்று. ஜெயந்தினி வெளியே நின்று தொலைபேசியில் பேசிக்கொண்டிருந்தார். அன்று லோகேஸ்வரியை யாரும் அவசரப்படுத்தவில்லை. கடைக்கார அம்மா இரண்டையும் மேசையில் விரித்துவிட்டு, குட்டையை எடுத்தால் உன் அம்மாவுக்கு முகம் மிஞ்சும், நீளத்தை எடுத்தால் மிஞ்சாது என்று நினைக்கிறேன் என்று தாழ்ந்த குரலில் மலாயில் சொன்னாள். போன வருஷம் ஒரு பெண்ணின் தகப்பனுக்கு இதே மாதிரி ஆகி, மீசை மட்டும் தங்கியதாம். பிச்சையம்மாளுக்கு மலாய் தெரியும். லோகேஸ்வரி திரும்பித் தாயின் முகத்தைப் பார்த்தாள். வெயில் தின்ற கன்னம், வெற்றிலைக் கறை ஏறிய உதடு. முன்பல் ஒன்று இல்லாதது தெரிந்துவிடக் கூடாதென்று வாயை மூடிக்கொண்டே பிச்சையம்மாள் சிரித்தாள். மகள் அதற்குப் பிறகும் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"நீளமானதையே குடுங்க" என்றாள். தமிழில் சொன்னது அந்த அம்மாவுக்குப் புரியாது என்று நினைவு வந்து, மலாயில் இன்னொரு முறை சொன்னாள்.

கல்யாணத்துக்கு இரண்டு நாள் முன்னால் லோகேஸ்வரி தொலைபேசியில் கூப்பிட்டாள். சர்ச்சில் வீடியோ எடுக்கிறார்கள் என்றாள். முன் பெஞ்சில் ஒரு சேலை மட்டும் உட்கார்ந்திருந்தால் வருகிறவர்கள் கேட்பார்கள் என்றாள்.

"சேலை இல்லாம வந்துரும்மா. உன்னைத்தான் யாருக்கும் தெரியாதே."

பக்கத்து வீட்டு ராமையா தன் வேனில் அழைத்துப் போனார். சர்ச்சுக்குப் பின்னால் மாமரத்தடியில் நிறுத்திவிட்டு, இறங்கி, வேலியைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிச்சையம்மாள் நீலச் சேலையை மடித்து இருக்கையில் வைத்தாள், ரவிக்கையையும் பாவாடையையும் அதன்மேல் வைத்தாள், உள்ளே போனாள். யாரும் பார்க்க முடியாது என்று தெரிந்தும் இரண்டு கைகளாலும் மார்பை மூடிக்கொண்டுதான் நடந்தாள். முன் பெஞ்சின் பலகை குளிர்ந்து கிடந்தது. ஏர்கொண்டிஷன் தலைக்கு நேர் மேலே. வாத்தியம் எழும்பி மகள் அருகே வந்தபோது, பெற்றவள் செய்யவேண்டியதைச் செய்யாமல் இருக்க முடியாமல், எழுந்து அவள் தலையில் கை வைத்தாள். முத்தும் கவுனும் அவளுக்கு அழகாகத்தான் இருந்தன.

லோகேஸ்வரி உதடு அசையாமல், "கையை எடும்மா, கசங்குது" என்றாள்.

பிச்சையம்மாள் கையை எடுத்தாள். மோதிரம் மாற்றும் வரைக்கும் நிற்காமல் வேனுக்குத் திரும்பி, நடுங்கிக்கொண்டே சேலையைச் சுற்றி, போகலாம் அண்ணே என்றாள். கல்யாண ஆல்பத்தில் முன் பெஞ்சு காலியாக இருக்கிறது.

இரண்டு வருஷம் கழித்து லோகேஸ்வரிக்குப் பெண் குழந்தை பிறந்தது. வேலைக்குத் திரும்ப வேண்டும், வந்து பிள்ளையைப் பார்த்துக்கொள் என்று தாயைக் கூப்பிட்டாள். வீட்டுக்கு ஆட்கள் வந்துபோவார்கள், அதனால் சர்ச்சுக்கு வந்த மாதிரியே வந்தால் நல்லது என்றும் சொன்னாள். பிள்ளை யார் சாயல் என்று பிச்சையம்மாள் கேட்டாள். உன் சாயல்தான் என்று லோகேஸ்வரி சலிப்போடு சொன்னாள்.

"சேலையோட வர்றதுன்னா வர்றேன்" என்றாள் பிச்சையம்மாள்.

ஆன்ட்டியைக் கேட்டுச் சொல்கிறேன் என்று லோகேஸ்வரி வைத்தாள். அந்தப் பிள்ளை இப்போது பாலர் பள்ளிக்குப் போகிறது.

ஞாயிற்றுக்கிழமைகளில் கரங்கான் பாசாருக்கு ஒரு நீலச் சேலை வரும். மீன் விற்கும் காளிதாசன் தூரத்தில் பார்த்ததுமே அரைக் கிலோ கெம்போங் மீனைக் கழுவி வைப்பார். பையை நீட்டினால் அது காற்றில் கைமாறிப் போகும். வெளியூர்க்காரர் யாராவது மிரண்டுபோய்க் கேட்டால், "மக கல்யாணத்துக்குத் துணி எடுக்கக் கூடப் போனாங்க, அதுல இப்படி ஆயிருச்சு" என்று சொல்லிவிட்டு, உங்களுக்கு எவ்வளவு வேணும் என்று கேட்பார்.