ஈரச் சிமெண்டில் பெத்தம்மாள்

நடைபாதை போட்டது நகராட்சி. அதில் பேர் வாங்க வந்தவன் சங்கையா.

மடவார் வளாகத்தில் கோயிலுக்குப் போகிற தெரு அது. சுடலையம்மாள் வீட்டு வாசலை ஒட்டிச் சிமெண்ட் பூசி முடித்த கொத்தனார், டீ குடிக்கப் போயிருந்தார். அந்த நேரம் பார்த்து அவளுடைய தம்பி சங்கையா ராஜபாளையத்திலிருந்து புல்லட்டில் வந்து இறங்கினான். வெள்ளை வேட்டியை மடித்துக் கட்டிக் குந்தி உட்கார்ந்து, ஆணியால் எழுத ஆரம்பித்தான்.

'தெய்வத்தாய் பெத்தம்மாள் நினைவாக' என்று ஒரு வரி. அதற்குக் கீழே, அதைவிட இரண்டு மடங்கு பெரிதாக, 'மகன் சங்கையா'.

சுடலையம்மாளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. தெய்வத்தாயாம்! அந்தத் தெய்வம் படுத்த படுக்கையாகக் கிடந்தபோது இந்தப் பக்தன் எங்கே போனான்? ராஜபாளையத்தில் பஸ் ஏறினால் அரை மணி நேரம். ஐயாவுக்கு மட்டும் அது துபாய் தூரம். எப்போதாவது வந்ததும் சம்சாரத்துக்குப் பால்கோவா வாங்கத்தான். போகிற போக்கில் அம்மாவையும் எட்டிப் பார்ப்பான், மூக்கைப் பொத்திக்கொண்டு வாசலிலேயே நிற்பான். அள்ளியதும் கழுவியதும் இவள். செத்த அன்று மட்டும் தெருவே திரும்பிப் பார்க்கிற மாதிரி அழுதான். அழுகைக்கு நடுவில், மாலையைச் சரிபண்ணிப் போட்டோ எடுக்கச் சொன்னதை இவள் மறக்கவில்லை.

அதெல்லாம் கூடப் போகட்டும். காகிதத்தில் கால் பட்டாலே தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்கிற வீடு இது. பெற்றவள் பேரைக் கொண்டுபோய்த் தரையில் எழுதுகிறானே மடையன்!

"ஏலே, ஊரே அம்மா பேர மிதிச்சிட்டுப் போவும்லே. அழிச்சிரு."

"உனக்கு ஒண்ணும் தெரியாதுக்கா. கோயில் படியில பேரு வெட்டிப் போடலையா? சாமி கும்பிட வாரவங்க காலு பட்டா புண்ணியம்."

"அது அவனவன் தன் பேர வெட்டுறது. அம்மாவ எதுக்குலே மிதிக்கப் போடுத?"

அவன் காதில் விழவில்லை. செல்போனைத் தூக்கி நாலு பக்கமும் நின்று படம் எடுத்தான்.

"செத்த நேரத்துல வாரேன். பூவச் சாத்தி ஒரு படம் எடுத்து ஸ்டேட்டஸ் போடணும். அப்படியே பால்கோவாவும் வாங்கிக்கிடுதேன்" என்று சொல்லிவிட்டு வண்டியைக் கிளப்பினான்.

சிமெண்ட் இறுகத் தொடங்கியிருந்தது. சுடலையம்மாள் ஒரு செம்புத் தண்ணீர் கொண்டுவந்து மேல் வரியில் மட்டும் தெளித்தாள். கொத்தனாரின் கரண்டியை எடுத்து மெல்ல இழுத்தாள். அம்மா பேர் மறைந்தபோது, அவளை இன்னொரு தடவை குளிப்பாட்டி விடுவது போலத்தான் இருந்தது.

கீழ் வரியில் கரண்டி படவே இல்லை. எல்லாப் புண்ணியமும் அவனுக்கே சேரட்டும். ஆடும் மாடும் தாராளமாக நடக்கிற தெருதான்.

சங்கையா ஒரு கையில் மல்லிகைச் சரமும் மறு கையில் பால்கோவா டப்பாவுமாக வந்தான். தரையைப் பார்த்தவன் அப்படியே நின்றுவிட்டான்.

"அக்கா, அம்மாவ எங்கக்கா காணோம்?"

சுடலையம்மாள் கரண்டியைக் கழுவி ஓரமாக வைத்தாள்.

"இப்பத்தான் தேடுதியாக்கும்?"